சீனத் தனியார் ராக்கெட்டுகள் நிமிர்ந்து தரையிறங்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 டிசம்பர் 3 அன்று சீனாவின் லேண்ட்ஸ்பேஸ் நிறுவனம் ஜூச்சுவே-3 என்ற ராக்கெட்டை முதல் முறையாக ஏவியது. அன்று முதல் வாட்ஸாப்பிலும் யூடியூபிலும் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதை விட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. இதில் உள்ளது 2025ஆம் ஆண்டு முடியும் வரைக்குமான நிலவரம்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். சீனாவில் தனியார் யாராவது ராக்கெட்டைத் தரையிறக்கிவிட்டார்களா?

தாவல் சோதனையில், ஆமாம், பல பேர். அதாவது ராக்கெட்டின் ஒரு பகுதியையோ சிறிய மாதிரியையோ சில நூறு மீட்டரோ சில கிலோமீட்டரோ மேலே அனுப்பி, அப்படியே நிமிர்ந்த நிலையில் இறக்குவது. ஆனால் செயற்கைக்கோள் போன்ற ஒரு சுமையைச் சுற்றுப்பாதைக்கு அனுப்பிவிட்டுத் திரும்பி வரும் முதல் அடுக்கை, அதாவது கிளம்பும்போது எரியும் அடிப்பகுதியை, முழுசாகத் தரையிறக்கியவர்கள் சீனாவில் 2025 முடிய யாரும் இல்லை. தனியாரும் இல்லை, அரசும் இல்லை. அதுவரை உலகத்திலேயே அதைச் செய்தவர்கள் இரண்டே பேர். 2015 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ், பத்து வருடம் கழித்து 2025 நவம்பரில் இன்னொரு அமெரிக்க நிறுவனமான புளூ ஆரிஜினின் நியூ கிளென் ராக்கெட். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பார்த்தாலே வேலை எவ்வளவு கடினம் என்று புரியும்.

டிசம்பர் 3 அன்று என்னதான் நடந்தது?

கோபி பாலைவனத்தில் இருக்கும் ஜியுச்சுவான் ஏவுதளத்தின் வணிகப் பகுதியிலிருந்து நண்பகலில் ராக்கெட் கிளம்பியது. 66 மீட்டர் உயரம், 4.5 மீட்டர் விட்டம், உடம்பு முழுக்கத் துருப்பிடிக்காத எஃகு, அடியில் ஒன்பது மீத்தேன் எஞ்சின்கள். கிளம்பும்போது எடை சுமார் 570 டன். இரண்டாவது அடுக்கு சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேர்ந்தது. முதல் அடுக்கு பிரிந்து திரும்பி, சுமார் 390 கி.மீ. தள்ளி கான்சு மாகாணத்தின் மின்ச்சின் பகுதியில் கட்டிவைத்திருந்த இறங்குதளத்தை நோக்கி வந்தது.

வந்தது என்பதுதான் இங்கே முக்கியம். அவ்வளவு உயரத்திலிருந்து வளிமண்டலத்துக்குள் நுழைந்து, வால்பக்கம் கீழே இருக்கும்படி நிலையாக வந்து, தளத்தின் விளிம்புக்கே வந்துவிட்டது. கடைசியில் இறங்குவதற்காக எஞ்சினை மூட்டியபோது எரிதலில் கோளாறு. நெருப்போடு வந்து மோதிச் சிதறியது. காத்திருந்து படம் பிடித்தவர்களின் வீடியோக்கள் அன்றைக்கே சுற்ற ஆரம்பித்துவிட்டன.

அப்படியென்றால் தோல்விதானே? அதை ஏன் சாதனை என்கிறார்கள்?

தரையிறக்கம் தோல்வி, அதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. ஆனால் எல்லாத் தோல்வியையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பது என் கட்சி. புதிய ராக்கெட், புதிய உடல், ஒன்பது எஞ்சினும் சேர்ந்து பறப்பது முதல் தடவை, அதில் சுற்றுப்பாதைக்கும் போயாயிற்று. முதல் பயணத்தில் சுற்றுப்பாதையைத் தொடுவதே பெரிய விஷயம். இதே நிறுவனத்தின் ஜூச்சுவே-1 2018லும் ஜூச்சுவே-2 2022லும் தங்கள் முதல் பயணத்தில் சுற்றுப்பாதைக்குப் போகவே இல்லை. இந்தத் தடவை போனதும் இல்லாமல், திரும்பி வரும் பாதையில் கடினமான பாதியையும் கடந்துவிட்டார்கள். வழிகாட்டல் சரியாக இருந்திருக்கிறது, வளிமண்டல நுழைவின் வெப்பத்தை எஃகு தாங்கியிருக்கிறது. பிரச்சினை கடைசி மூட்டலுக்கு வந்து நின்றுவிட்டது. எந்த இடத்தில் உடைந்தது என்று தெரிந்த தோல்வி அடுத்த முறைக்கு உதவும். ஸ்பேஸ்எக்ஸும் கடலில் போட்டு, மிதவை மேடையில் மோதி உடைத்துத்தான் கற்றுக்கொண்டது.

மோசமான தோல்வி எப்படி இருக்கும் என்பதற்கும் சீனாவிலேயே உதாரணம் இருக்கிறது. கீழே கோங்யி கதையில் வருகிறேன்.

தாவல் சோதனையில் அழகாக இறங்கினார்களே, அப்புறம் நிஜப் பயணத்தில் ஏன் முடியவில்லை?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் செய்திகளில் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள்.

தாவலில் ராக்கெட் மெதுவாக மேலே போகும், மெதுவாகவே கீழே வரும். வளிமண்டலத்தை விட்டே வெளியேறுவதில்லை, சூடாவதில்லை. பெரும்பாலான சோதனைகளில் எஞ்சினை நடுவில் அணைப்பதும் இல்லை. எரிபொருளும் வேண்டிய அளவுக்கு வைத்துக்கொள்ளலாம். சுமை எதுவும் தூக்கப் போவதில்லையே.

நிஜப் பயணத்தில் முதல் அடுக்கு ஒலியைப் போலப் பல மடங்கு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது பிரிகிறது. எஞ்சின் அணைந்ததும் தொட்டிக்குள் மிச்சம் இருக்கும் எரிபொருள் மிதந்து அங்குமிங்கும் அலைகிறது; அதைத் திரும்ப அடிப்பக்கம் ஒதுக்கினால்தான் எஞ்சினைப் பற்றவைக்க முடியும், குழாய்க்குள் வாயு போய்விட்டால் பம்ப் நாசம். அப்புறம் வால்பக்கம் கீழே வருமாறு திரும்ப வேண்டும், நுழையும்போது சில எஞ்சின்களை மூட்டி வேகத்தைக் குறைக்க வேண்டும், காற்று அடர்த்தியான பிறகு மேலே இருக்கும் வலைத் துடுப்புகளை ஆட்டித் திசை பிடிக்க வேண்டும். எதிர்க்காற்று எஞ்சின் வாய்க்குள்ளேயே அடிக்கும் நிலையில் மறுபடி மூட்ட வேண்டும். இதற்கெல்லாம் வைத்திருக்கும் எரிபொருள் கொஞ்சம்தான், ஏனென்றால் கீழே வருவதற்கு ஒதுக்கும் ஒவ்வொரு டன்னும் மேலே போகும் சுமையிலிருந்து கழிகிறது.

கடைசிச் சில நொடிகள் இன்னும் வேடிக்கை. காலியான அடுக்கு மிகவும் லேசு. ஸ்பேஸ்எக்ஸின் பால்கன் 9 ராக்கெட்டை எடுத்துக்கொண்டால், ஒரே ஒரு எஞ்சினை மட்டும் எரியவிட்டு அதையும் முடிந்த மட்டும் குறைத்தாலும் அதன் தள்ளுவிசை ராக்கெட்டின் எடையை விட அதிகம். அதனால் அந்தரத்தில் நின்று நிதானித்து இறங்க வழியே இல்லை. ஓடும் பஸ்ஸில் பிரேக்கை ஒரே ஒரு தடவைதான் மிதிக்கலாம், வண்டி நிற்கும் இடம் சரியாக நிறுத்தத்தின் வாசலாக இருக்க வேண்டும் என்பது மாதிரி. முன்கூட்டி மூட்டினால் தரைக்கு மேலேயே வேகம் பூஜ்யமாகி மறுபடி மேலே கிளம்பப் பார்க்கும்; தாமதித்தால் மோதல். எஞ்சின் முழு விசைக்கு வர எடுத்துக்கொள்ளும் நேரம் கொஞ்சம் பிசகினாலும் கணக்கு தப்பிவிடும்.

அதனால்தான் லேண்ட்ஸ்பேஸ் 2024 செப்டம்பர் 11 அன்று செய்த சோதனைக்கு மற்றத் தாவல்களை விட மதிப்பு அதிகம். 10 கி.மீ. உயரம் போய், பறக்கும்போதே எஞ்சினை அணைத்து, திரும்ப மூட்டி, சுமார் 200 நொடிகளில் இறங்கியது. நிஜப் பயணத்தின் கடைசிப் பகுதியை ஓரளவு ஒத்திகை பார்த்த சோதனை அது. அப்படி இருந்தும் டிசம்பரில் அதே கடைசிப் பகுதிதான் காலை வாரியது. ஒத்திகை மேடையில் ஒரே ஒரு எஞ்சின்தான் இருந்தது, வேகமும் வெப்பமும் வேறு.

லேண்ட்ஸ்பேஸ் தவிர வேறு யாரெல்லாம் இதில் இருக்கிறார்கள்?

நிறையப் பேர். எல்லாரையும் சொன்னால் பட்டியலாகிவிடும், கதை உள்ளவர்களை மட்டும் சொல்கிறேன்.

முதலில் பேசப்பட்டது லிங்க்ஸ்பேஸ். ஹு ஜென்யூ என்ற இளைஞர் 2014ல் தொடங்கியது. 2019 ஆகஸ்ட் 10 அன்று சிங்ஹாய் மாகாணத்தின் மாங்யாவில் எட்டு மீட்டர் உயரமுள்ள ஒரு சிறிய சோதனை ராக்கெட்டை 300 மீட்டருக்கு அனுப்பி 50 நொடியில் இறக்கினார்கள். அன்றைக்கு அது பெரிய செய்தி. அதற்குப் பிறகு அந்த நிறுவனம் சத்தமில்லாமல் போய்விட்டது. முதலில் தாவியவர்தான் முதலில் சுற்றுப்பாதைக்குப் போவார் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஐ-ஸ்பேஸ் வேறு வழியில் வந்தது. 2019 ஜூலையில் ஹைப்பர்போலா-1 என்ற திட எரிபொருள் ராக்கெட்டால் சுற்றுப்பாதையைத் தொட்ட முதல் சீனத் தனியார் நிறுவனம் இது. பிறகு அதே ராக்கெட் வரிசையாகத் தோற்றது. நடுவில் மீத்தேனுக்கு மாறி, 2023 நவம்பர் 2 அன்று ஹைப்பர்போலா-2 சோதனை அடுக்கை 178 மீட்டருக்கு அனுப்பி இறக்கி, அதையே திரும்பத் தயார் செய்து டிசம்பர் 10 அன்று 343 மீட்டருக்கு அனுப்பி மறுபடியும் இறக்கினார்கள். உயரத்தைப் பார்த்துச் சிரிக்கலாம், ஆனால் 3.35 மீட்டர் விட்டமுள்ள நிஜ அளவு அடுக்கு ஒன்றை இரண்டு தடவை பறக்கவிட்டது சீனாவில் அதுதான் முதல்.

ஸ்பேஸ் பயோனியர் 2019ல் தொடங்கியது; 2023 ஏப்ரலில் தியான்லாங்-2 மூலம் முதல் முயற்சியிலேயே திரவ எரிபொருள் ராக்கெட்டைச் சுற்றுப்பாதைக்கு அனுப்பிவிட்டது. சீனத் தனியாரில் திரவ எரிபொருளில் அங்கே போன முதல் ஆள். இப்போது பால்கன் 9 அளவிலான தியான்லாங்-3ல் இருக்கிறார்கள். டீப் புளூ ஏரோஸ்பேஸ் நெபுலா-1 என்ற ராக்கெட்டோடு இருக்கிறது. கேலக்டிக் எனர்ஜி திட எரிபொருள் செரஸ்-1 ராக்கெட்டில் நல்ல பெயர் வாங்கிவிட்டு, பல்லாஸ்-1 என்ற மண்ணெண்ணெய் ராக்கெட்டைத் தயாரிக்கிறது. இன்னும் சிலரும் உண்டு.

கட்டிவைத்த ராக்கெட் பிய்த்துக்கொண்டு பறந்ததே, அது யாருடையது?

தியான்லாங்-3தான். 2024 ஜூன் 30, ஹெனான் மாகாணத்தின் கோங்யி. ராக்கெட்டின் முதல் அடுக்கைத் தரையோடு கட்டிவைத்து எஞ்சின்களை மட்டும் எரித்துப் பார்க்கும் சோதனை. தரையில் எரிக்கப் போகிறோம் என்று நினைத்த நேரத்தில், ராக்கெட்டையும் சோதனை மேடையையும் இணைத்த பகுதி உடைந்து, ஒன்பது எஞ்சினும் எரிய, ராக்கெட் கிளம்பிவிட்டது. கணினி தானாக எஞ்சின்களை அணைத்தது. செங்குத்தாக மேலே போய், அப்படியே சாய்ந்து, மேடையிலிருந்து சுமார் 1.5 கி.மீ. தள்ளி மலைப்பகுதியில் விழுந்து வெடித்தது. யாருக்கும் காயம் இல்லை என்று அறிவித்தார்கள்.

நான் மேலே மோசமான தோல்வி என்று சொன்னது இதைத்தான். லட்சக்கணக்கானவர்கள் வாழும் ஊரின் பக்கத்தில், எரிபொருள் நிரம்பிய ராக்கெட்டைப் பிடித்துவைக்க முடியவில்லை என்றால் அது புதிய தொழில்நுட்பத்தின் எல்லையில் நடந்த பிழை இல்லை. சுமார் 820 டன் தள்ளுவிசையை எந்த இரும்பு தாங்கும் என்பது பழைய கணக்கு. வேகமாக ஓட வேண்டிய போட்டியில் அடிப்படை வேலை சறுக்கினால் இப்படித்தான் ஆகும். பிறகு சோதனையை ஊரிலிருந்து விலக்கினார்கள். 2025 செப்டம்பரில் ஷான்டாங் மாகாணத்தின் ஹையாங் அருகே கடல்மேடையில் வைத்து ஒன்பது எஞ்சினையும் எரித்து முடித்தார்கள்.

ட்ரோனில் எடுத்த ஒரு அட்டகாசமான வீடியோ பார்த்தேன், ராக்கெட் கடைசியில் வெடிக்கிறது. அது?

டீப் புளூவின் நெபுலா-1, 2024 செப்டம்பர் 22, உள் மங்கோலியாவில் எஜின் பகுதி. கிராபிக்ஸ் என்று பலர் சண்டை போட்டார்கள், நிஜ வீடியோதான். 5 கி.மீ. உயரத்தை இலக்காக வைத்த சோதனை. போய், திரும்பி, தளத்துக்கு நேர் மேலே வந்து, தரைக்கு மிக அருகில் எஞ்சின் விசைக் கட்டுப்பாட்டில் கோளாறாகி விழுந்து தீப்பிடித்தது. பதினோரு இலக்குகளில் பத்து நிறைவேறியது என்று நிறுவனம் சொன்னது. பதினோராவது இலக்குதான் தரையிறங்குவது என்பதை மறக்காமல் படிக்கவும்.

அந்த வீடியோவைத் தோல்வி நடந்த கையோடு அவர்களே வெளியிட்டார்கள் என்பதைப் பாராட்ட வேண்டும். சீன விண்வெளித் துறையில் அந்த வழக்கம் அரசிடம் இருந்ததே இல்லை. ஆனால் ஒரே மாதத்தில் அதே நிறுவனம் 2027ல் விண்வெளி விளிம்புக்குச் சுற்றுலா கூட்டிப்போவதாக ஆளுக்கு 15 லட்சம் யுவான் விலையில் ஆன்லைன் நேரலையில் டிக்கெட் விற்றது. அதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

தனியார் தனியார் என்கிறீர்கள். சீனாவில் ராக்கெட் செய்பவன் நிஜமாகவே தனியாரா?

பாதி. 2014ல் சீன அமைச்சரவை வெளியிட்ட 60ஆம் எண் ஆவணம் விண்வெளித் துறையில் தனியார் முதலீட்டை அனுமதித்தது. அதற்குப் பிறகுதான் இந்த நிறுவனங்கள் வரிசையாக முளைத்தன. லேண்ட்ஸ்பேஸை 2015ல் தொடங்கிய ஜாங் சாங்வூ வங்கித் துறையிலிருந்து வந்தவர், ராக்கெட் பொறியாளர் இல்லை. ஆனால் பொறியாளர்கள் பெரும்பாலும் அரசு நிறுவனங்களிலிருந்து வந்தவர்கள். 2018ல் அரசு எஞ்சின் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் லேண்ட்ஸ்பேஸுக்குப் போனபோது, இவர் போனால் நிலவுத் திட்டமே பாதிக்கும் என்று அந்த நிறுவனம் எழுதிய கடிதம் வெளியே வந்து சீன இணையமே கொந்தளித்தது. அவ்வளவு முக்கியமானவருக்கு அவ்வளவு குறைந்த சம்பளமா என்பதுதான் மக்கள் கேட்ட கேள்வி.

பணமும் கலப்புதான். ஆரம்பத்தில் தனியார் முதலீட்டாளர்கள், பிறகு மாகாண, நகர அரசுகளின் நிதிகள், பிறகு மத்திய அரசு. 2024 டிசம்பரில் தேசிய உற்பத்தித் துறை மேம்பாட்டு நிதி லேண்ட்ஸ்பேஸில் 90 கோடி யுவான் போட்டது. ஏவுதளம் அரசுடையது, அனுமதி அரசுடையது, பெரிய வாடிக்கையாளரும் அரசுடையவர். சரி, அப்படியானால் எல்லாமே நாடகமா என்றால் அதுவும் இல்லை. நிறுவனம் திவாலானால் அரசு வந்து காப்பாற்றப் போவதில்லை, தோற்றால் முதலீடு வராது, ஒருவரோடு ஒருவர் போட்டி கடுமையாகவே இருக்கிறது. அரசு ராக்கெட் நிறுவனத்தில் எடுக்கத் தயங்கும் ஆபத்தை இவர்கள் எடுக்கிறார்கள், அதுதான் அரசுக்கும் வேண்டியது. சீன அறிவியல் கழகத்திலிருந்து பிறந்த சிஏஎஸ் ஸ்பேஸ் போன்றவர்களைத் தனியார் என்று சொல்வதற்கு மட்டும் எனக்கு வாய் வரவில்லை.

எல்லாரும் ஏன் மீத்தேன் பின்னாலேயே ஓடுகிறார்கள்?

மண்ணெண்ணெய் எரிந்தால் எஞ்சினுக்குள் கரி படியும். ஒரு தடவை எரித்துக் கடலில் போடும் ராக்கெட்டுக்கு அது கவலை இல்லை, இருபது தடவை பறக்க வேண்டிய எஞ்சினுக்குக் கவலை. மீத்தேன் சுத்தமாக எரியும், விலையும் குறைவு. திரவ மீத்தேனின் வெப்பநிலை சுமார் மைனஸ் 161 டிகிரி, திரவ ஆக்ஸிஜனுடையது மைனஸ் 183. இரண்டும் கிட்டத்தட்டப் பக்கத்தில் இருப்பதால் தொட்டி வடிவமைப்பும் எளிதாகிறது. கெட்ட செய்தி, அடர்த்தி குறைவு, தொட்டி பெரிதாகும்.

இந்த ஒரு விஷயத்தில் சீனா எல்லாரையும் முந்தியது. 2023 ஜூலை 12 அன்று ஜூச்சுவே-2 சுற்றுப்பாதைக்குப் போனது. மீத்தேன் எரித்து அங்கே போன உலகின் முதல் ராக்கெட் அதுதான், ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்ஷிப்போ நியூ கிளென்னோ இல்லை. அந்த வெற்றியை அமெரிக்காவில் பலர் கவனிக்கவே இல்லை.

எஃகு எதற்கு? கனமாக இருக்குமே?

கனம்தான். ஆனால் அலுமினியத்தை விட அதிகச் சூட்டைத் தாங்கும், விலை மலிவு, வெல்டிங் செய்ய ஆளும் கிடைப்பார்கள், பழுது பார்ப்பதும் சுலபம். நிறையச் செய்து நிறைய உடைக்கப் போகிற நிறுவனத்துக்கு மலிவான உலோகம் நல்ல தேர்வு.

இதெல்லாம் ஸ்பேஸ்எக்ஸைப் பார்த்து அடித்த காப்பிதானே?

வடிவத்தில், ஆமாம், மறைக்கவே இல்லை. ஒன்பது எஞ்சின் அடுக்கு, வலைத் துடுப்பு, மடிந்து விரியும் கால்கள், எல்லாம் பால்கன் 9. எஃகும் மீத்தேனும் ஸ்டார்ஷிப். எலான் மஸ்க்கே 2025 அக்டோபரில் இதைச் சொல்லிவிட்டு, இந்தக் கலவை பால்கன் 9ஐ முந்தக்கூடும், ஆனால் ஸ்டார்ஷிப் வேறு ரகம் என்றார்.

ஆனால் பார்த்துச் செய்வதற்கும் செய்து முடிப்பதற்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் மொத்த விஷயமே. வெளித்தோற்றத்தை வீடியோவில் பார்க்கலாம். எஞ்சினுக்குள் எரிபொருளைத் தள்ளும் டர்போபம்பை, மறுமூட்டலின்போது வால்வு எந்த மில்லிநொடியில் திறக்க வேண்டும் என்பதை வீடியோவில் பார்க்க முடியாது. இறங்கும் பாதையைக் கணக்கிடும் கணிதம் வெளியான ஆய்வுக்கட்டுரைகளில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஐரோப்பாவும் ஜப்பானும் படித்துக்கொண்டுதான் இருக்கின்றன. வெறும் காப்பியால் முடியுமானால் பத்து வருடம் ஆகியிருக்காது.

அப்படி என்ன அவசரம்?

செயற்கைக்கோள்கள். ஸ்பேஸ்எக்ஸின் செயற்கைக்கோள் இணையமான ஸ்டார்லிங்குக்குப் போட்டியாக சீனா இரண்டு பெரிய இணையத் தொகுப்புகளைத் தொடங்கிவிட்டது. குவோவாங் தொகுப்பில் சுமார் 13,000 செயற்கைக்கோள்கள், ஷாங்காயை மையமாகக் கொண்ட சியான்ஃபான் தொகுப்பிலும் பத்தாயிரத்துக்கு மேல். சியான்ஃபானின் முதல் தொகுதி 2024 ஆகஸ்டில் போனது, ஒரே ஏவலில் 18. அந்த வேகத்தில் பத்தாயிரத்தை எப்போது முடிப்பது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சும்மா தள்ளிப்போடவும் முடியாது. அலைவரிசைக்குப் பதிவு செய்தவர்கள் குறித்த காலத்துக்குள் 10 சதவீதம், பிறகு பாதி, பிறகு முழுவதும் என்று அனுப்பியாக வேண்டும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் விதி இருக்கிறது. தவறினால் தொகுப்பின் அளவு வெட்டப்படும். 2025ல் சீனா மொத்தமாக 90க்கும் மேற்பட்ட ஏவல்களைச் செய்தது, அதுவே அந்த நாட்டின் சாதனை. அதே வருடம் பால்கன் 9 மட்டும் தனியாக 160ஐத் தாண்டியது. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்பது எஞ்சின் செய்துகொண்டிருந்தால் அந்த எண்ணைப் பிடிக்கவே முடியாது.

இறங்கிவிட்டால் உடனே செலவு குறைந்துவிடுமா?

இல்லை. இறக்குவது முதல் படி. இறங்கியதைத் திறந்து பார்த்து, எது தேய்ந்தது, எது வெந்தது என்று புரிந்துகொண்டு, திரும்பப் பறக்கவிட ஸ்பேஸ்எக்ஸுக்கே முதல் தரையிறக்கத்திலிருந்து ஒன்றேகால் வருடம் ஆனது. 2017 மார்ச்சில்தான் பழைய அடுக்கு மறுபடி பறந்தது. இப்போது ஒரே அடுக்கு 30 தடவைக்கு மேல் பறந்திருக்கிறது, லாபம் அங்கேதான் இருக்கிறது. ஜூச்சுவே-3 குறைந்தது 20 தடவை பறக்கும் என்பது வடிவமைப்பு இலக்கு. இலக்கை இலக்காகவே படிக்கவும்.

திரும்பக் கொண்டுவருவதற்கு விலையும் உண்டு. ஜூச்சுவே-3இன் பெரிய வடிவத்துக்கு நிறுவனம் சொல்லும் எண்கள்: முதல் அடுக்கைக் கைவிட்டால் 21.3 டன் தூக்கும், தொலைவில் இறக்கினால் 18.3 டன், கிளம்பிய இடத்துக்கே திருப்பிக் கொண்டுவந்தால் 12.5 டன். வீட்டு வாசலுக்கே வர வேண்டும் என்றால் சுமையில் சுமார் 40 சதவீதம் போச்சு. அதனால்தான் மின்ச்சினில் போய் இறக்குகிறார்கள்.

கடலில் மெதுவாக இறக்கினால் போதாதா?

அதையும் ஒருவர் செய்து பார்த்தார். ஸ்பேஸ் இபோக் நிறுவனம் 2025 மே 29 அன்று யுவான்ஷிங்ஜே-1 என்ற எஃகுச் சோதனை ராக்கெட்டை சுமார் 2.5 கி.மீ. உயரம் அனுப்பி, ஹையாங் அருகே கடல்மேல் நிமிர்ந்து நிற்க வைத்து, மெதுவாகத் தண்ணீரில் விட்டது. கால்கள் வேண்டாம், தளம் வேண்டாம். உப்புத் தண்ணீரில் ஊறிய எஞ்சினைத் திரும்பப் பறக்கவிடுவார்களா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஒத்திகைக்கு நல்லது, தொழிலுக்குச் சந்தேகம்தான்.

கிராமங்களின் மேல் ராக்கெட் துண்டு விழுவதாகப் படித்தேனே, இது வந்தால் அது நிற்குமா?

ஓரளவு. சீனாவின் பழைய ஏவுதளங்கள் உள்நாட்டில் இருப்பதால் எரிந்து முடிந்த அடுக்குகள் நிலத்தில்தான் விழுகின்றன. 2024 ஜூன் 22 அன்று கூட அரசின் லாங் மார்ச் 2சி ராக்கெட் ஒன்றின் அடுக்கு குய்சோ மாகாணத்தில் கிராமத்துக்குப் பக்கத்திலேயே விழுந்தது, அதில் இருந்தது நச்சு எரிபொருள். குறித்த இடத்தில் இறங்கும் அடுக்கு வந்தால் அந்தப் பாதைகளில் ஆபத்து குறையும். ஆனால் நச்சு எரிபொருள் ராக்கெட்டுகளைச் செய்வது அரசு நிறுவனம். அவற்றை ஓய்வு கொடுத்து அனுப்பினால்தான் கிராமத்துக்காரர்களுக்கு நிம்மதி. ஹைனான் தீவில் புதிதாகக் கட்டிய வணிக ஏவுதளத்தில் 2024 நவம்பர் 30 அன்று முதல் ஏவல் நடந்தது. கடலை நோக்கி ஏவும் அந்தத் தளம் இதற்கு நேரடியான தீர்வு.

அரசு நிறுவனம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறதா?

இல்லவே இல்லை. 2025 டிசம்பர் 23 அன்று லாங் மார்ச் 12ஏ பறந்தது, ஜூச்சுவே-3க்கு இருபதே நாள் கழித்து. கிட்டத்தட்ட அதே முடிவு: சுற்றுப்பாதை கிடைத்தது, முதல் அடுக்கு போச்சு. இதில் எனக்குப் பிடித்த விவரம் வேறு. 2024 ஜூனில் அரசு நிறுவனம் செய்த 12 கி.மீ. தாவல் சோதனையில் இருந்த மூன்று மீத்தேன் எஞ்சின்களும் ஜியுசோ யுன்ஜியான் என்ற தனியார் நிறுவனத்தின் தயாரிப்பு. தனியாரை வளரவிட்டது எதற்கு என்று கேட்டால் இதைக் காட்டலாம்.

பங்குச் சந்தைக்கு வருகிறார்களாமே?

ஆமாம், ஆனால் ஒரு சூட்சுமம் இருக்கிறது. லாபம் இல்லாத ராக்கெட் நிறுவனங்கள் பட்டியலிட ஷாங்காய் பங்குச் சந்தை 2025 டிசம்பர் இறுதியில் வழிகாட்டல் வெளியிட்டது. மறுபயன்பாட்டுத் தொழில்நுட்பம் கொண்ட நடுத்தர அல்லது பெரிய ராக்கெட்டால் ஒரு சுமையைச் சுற்றுப்பாதைக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்று அதில் கேட்கிறார்கள். தரையிறக்கியிருக்க வேண்டும் என்று கேட்கவில்லை! ஜூச்சுவே-3இன் முதல் பயணம் அந்த அளவுகோலுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. லேண்ட்ஸ்பேஸின் விண்ணப்பமும் வருடம் முடிவதற்குள் ஏற்கப்பட்டுவிட்டது. மற்ற நிறுவனங்கள் ஏன் பாதி தயாரான ராக்கெட்டோடு கூட ஏவுதளத்துக்கு ஓடப் போகின்றன என்பதற்கு இதை விடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

அடுத்த முயற்சி எப்போது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

நிறுவனங்கள் சொல்லும் தேதியை நம்பாதீர்கள், எல்லாமே தள்ளிப்போகும். விமானங்களுக்காக வெளியிடும் வான்வெளி எச்சரிக்கைகளைப் பாருங்கள். ஏவுதலுக்குச் சில நாள் முன்பு வந்துவிடும், ஆர்வலர்கள் அவற்றை வரைபடத்தில் போட்டுப் பகிர்வார்கள். முதல் அடுக்கு வழக்கம்போல விழப் போகிறது என்றால் எச்சரிக்கைப் பகுதி நீண்டு பெரிதாக இருக்கும். மின்ச்சின் பக்கம் சின்னக் கட்டமாகப் போட்டிருந்தால் இறக்கப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். நேரலை பெரும்பாலும் இருக்காது. ஏவிய அரை மணி நேரத்தில் நிறுவனத்தின் வெய்போ (சீனச் சமூக வலைத்தளம்) பக்கத்தில் அறிக்கை வரும். சுற்றுப்பாதை வெற்றி என்று மட்டும் எழுதி, முதல் அடுக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையென்றால் விஷயம் என்னவென்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.